வரகனேரி வீரரும் துப்பாக்கி விசையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விடுதலைப் போராட்ட வரலாற்றில் வ.வே.சு. ஐயருக்குத் தனியிடம் உண்டு. தமிழ்ச் சிறுகதைக்கு வழிவகுத்தவர் என்று இலக்கிய மாணவர்கள் அவரைப் போற்றுவார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்று மொழிபெயர்ப்பாளர்கள் வணங்குவார்கள். இயற்பியல் படிக்கும் நான் அவருடைய வாழ்க்கைக்குள் வேறொரு வாசல் வழியாக நுழைய விரும்புகிறேன். அது மிகச் சிறிய வாசல். ஒரு சுட்டுவிரல் நுழையும் அளவே உள்ளது. அதுதான் துப்பாக்கியின் விசை.

தேசிய மாணவர் படையில் சேர்ந்த பிறகு பாயிண்ட் டூ டூ ரைபிளால் சுடும் பயிற்சி எனக்குக் கிடைத்தது. குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, 25 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கைக் குறிபார்த்தபோது, சுடுவதில் கண்ணைவிட விரலுக்கே வேலை அதிகம் என்று தெரிந்தது. விசையை வெடுக்கென்று இழுத்தால் குழல் அசைந்துவிடும், குறி தப்பிவிடும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியாதபடி மெல்ல மெல்ல அழுத்த வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். கைத்துப்பாக்கி எதையும் நான் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பாடத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் லண்டனில் கற்றார், பிறகு புதுச்சேரியில் கற்பித்தார் என்று படித்தபோது, அவரைப் பற்றி முழுவதும் அறிய வேண்டும் என்ற ஆவல் என்னுள் பிறந்தது.

வரகனேரியிலிருந்து லண்டன் வரை

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2ஆம் நாள் வேங்கடேச ஐயரின் மகனாகச் சுப்பிரமணியம் பிறந்தார். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் தம் பெயரும் சேர்ந்து வ.வே.சு. ஆயிற்று. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டத் தேர்வில் வென்று வழக்குரைஞர் தொழிலில் இறங்கினார். பின்னர் இரங்கூன் சென்றார். அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் மாநகரை அடைந்தார்.

ஐயரின் வாழ்வு திசைமாறிய இடம் அதுதான். லண்டனின் ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் தொடங்கிய இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதியில் அவர் தங்கினார். சாவர்க்கர், மதன்லால் திங்ரா, திருச்சியைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் ஆகியோரின் நட்பு அங்கே கிட்டியது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிய கைகள் ஆயுதத்தையும் நாடின. 1906இல் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. 1908இல் சிறையில் அடைக்கப்பட்ட செய்தி, கடல் கடந்திருந்த தமிழ் இளைஞர்களின் நெஞ்சில் நெருப்பை மூட்டியது.

டாட்டன்ஹாம் கோர்ட் சாலை

லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலை 92ஆம் எண் கட்டடத்தில் பணம் கட்டிச் சுட்டுப் பழகும் கூடம் ஒன்று இருந்தது. பொழுதுபோக்குக்காக வருவோரும் அங்கே உண்டு. இந்தியா ஹவுஸ் இளைஞர்கள் அங்கே சென்று பழகினார்கள். ஐயரும் அவர்களுள் ஒருவர். குறிபார்ப்பதில் அவர் கைதேர்ந்தார்.

திங்ரா சுமார் மூன்று மாதம், வாரத்திற்கு இரண்டு மூன்று முறை அங்கே பயிற்சி செய்ததாகக் கூடத்தின் உரிமையாளர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி கூறினார். 1909 ஜூலை 1ஆம் நாள் மாலை, 18 அடி தூரத்திலிருந்த இலக்கை நோக்கித் திங்ரா 12 முறை சுட்டார். அவற்றில் 11 குண்டுகள் இலக்கில் பாய்ந்தன. அவர் கையிலிருந்தது கோல்ட் கம்பெனியின் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

18 அடி என்பது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே 11 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசையை அழுத்தும்போது முன்முனை 1 மில்லிமீட்டர் விலகினால் குண்டு இலக்கில் 5 சென்டிமீட்டர் விலகி விழும். வகுப்பில் படித்த ஒத்த முக்கோணக் கணக்கே இது. பன்னிரண்டில் பதினொன்று பட்டது என்றால், அந்த விரல் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

இருவகை விசைகள்

இங்கே சற்று நின்று ரிவால்வருக்கும் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது. அக்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் வெப்லி ரிவால்வர். அதில் தோட்டாக்கள் ஓர் உருளையில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால், அந்த ஒரே அழுத்தத்தில் மூன்று வேலைகள் நடக்கும். உருளை ஒரு படி சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வரும். சுத்தியல் சுருள்வில்லை எதிர்த்துப் பின்னுக்குப் போகும். கடைசியில் அது விடுபட்டுத் தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும். இத்தனையையும் சுட்டுவிரலே செய்ய வேண்டியிருப்பதால் விசை கனமாக இருக்கும். ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தூக்கும் அளவு அழுத்தம் வேண்டும். விரலும் 2 சென்டிமீட்டர் அளவுக்கு நகர வேண்டும். சுத்தியலை முன்கூட்டியே கையால் இழுத்து வைத்துக்கொண்டால் விசை இலகுவாகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி இழுக்க வேண்டும்.

தானியங்கிக் கைத்துப்பாக்கி வேறு விதம். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டல் நகரிலிருந்த எஃப்.என். ஆலை 1900ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட துப்பாக்கி இவ்வகையில் புகழ்பெற்றது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு இருக்கும். முதல் முறை மட்டும் மேலுறையைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அதன்பின் குண்டு வெடிக்கும் உதைப்பே மேலுறையைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை இறுக்கி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆகவே விரலுக்கு மிஞ்சுவது ஒரே வேலை. இறுக்கி வைத்த வில்லைப் பிடித்திருக்கும் சிறு தடுப்பை விலக்கினால் போதும். இரண்டு, இரண்டரை கிலோ அழுத்தம். சில மில்லிமீட்டர் தூரம். முதலில் கொஞ்சம் தளர்வு, பிறகு ஒரு சிறு தடை, பிறகு டக்கென்று விடுபடும். விரலைச் சற்றே முன்னுக்கு விட்டால் விசை மறுபடியும் ஆயத்தம். முதல் குண்டுக்கும் ஏழாவது குண்டுக்கும் விரல் உணர்வது ஒன்றே. இன்றைய கைத்துப்பாக்கிகளில் முதல் அழுத்தம் மட்டும் ரிவால்வர் போல நீண்டிருக்கும் வகைகளும் உண்டு. நான் சொல்வது அக்காலத்துப் பிரவுனிங்கை.

நமது ஆய்வகத்தில் சுருள்வில் தராசைக் கொண்டு செய்யும் கணக்கைப் போலவே இதையும் போட்டுப் பார்க்கலாம். வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. ரிவால்வரில் 50 நியூட்டன் விசை, 2 சென்டிமீட்டர் தூரம். ஆக 1 ஜூல். தானியங்கியில் ஏறத்தாழ 22 நியூட்டன், 3 மில்லிமீட்டர். ஆக ஒரு ஜூலில் பதினைந்தில் ஒரு பங்கே. ஆனால் இந்த அற்ப வேலையால் அவிழ்த்துவிடப்படும் சிறு குண்டோ 150 ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலோடு பாய்கிறது. கொடுத்ததைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல்! குண்டுக்கு அந்த ஆற்றலை விரல் கொடுப்பதில்லை. வெடிமருந்தில் அடைபட்டிருப்பதை விரல் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ரிவால்வரின் கனமான விசை கற்பதற்குக் கடினம். நீண்ட தூரம் இழுப்பதற்குள் கை நடுங்கிவிடும். ஆனால் அந்தக் கனமே ஒரு காவல். இழுத்து முடிப்பதற்குள் மனம் மாற ஒரு நொடி கிடைக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் மறுபடி அழுத்தினால் அடுத்தது வரும். தானியங்கியோ தட்டையானது, சட்டைக்குள் மறைக்கலாம், புதியவரும் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்புத் திருகை நீக்கிவிட்டால், விரலுக்கும் விளைவுக்கும் இடையே ஒன்றுமில்லை.

அன்றைய புரட்சிக்காரர்கள் தானியங்கியையே விரும்பியதில் வியப்பில்லை. 1909இல் லண்டனிலிருந்து இருபது பிரவுனிங் துப்பாக்கிகள் ஒரு பெட்டியின் இரகசிய அடித்தட்டில் வைத்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பர் 21இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது.

முதல் இரத்தம்

1909 ஜூலை 1 இரவு, பயிற்சிக் கூடத்திலிருந்து போன திங்ரா, இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் நடந்த விருந்தில் கர்சன் வைலி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே வந்த லால்காகா என்ற பார்சி மருத்துவரும் குண்டடிபட்டு இறந்தார். அவரைக் கொல்வது தம் நோக்கமன்று என்று திங்ரா பின்னர் கூறினார். நோக்கம் இருந்ததோ இல்லையோ, விசை இலகுவாக இருந்தது. ஆகஸ்டு 17இல் திங்ரா தூக்கிலிடப்பட்டார்.

1910இல் சாவர்க்கர் கைதானார். ஐயர் பாரிஸ்டர் தேர்வுகளை முடித்தும் அரச விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். காவலர் வலையிலிருந்து தப்ப அவர் சீக்கியர்போல வேடமிட்டதும், பெட்டியிலிருந்த தம் பெயரின் முதலெழுத்துகளுக்கு ஏற்ப ஒரு சீக்கியப் பெயரைச் சொல்லி ஒற்றர்களை ஏமாற்றியதும் இன்றும் கதைபோலச் சொல்லப்படுகின்றன. பாரிஸ் வழியாக நாடுகள் பல கடந்து, அவ்வாண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர்.

மணியாச்சி

தாம்பரத்தில் நின்று தெற்கே செல்லும் முத்துநகர் விரைவு வண்டி, தூத்துக்குடிக்கு முன்னால் வாஞ்சி மணியாச்சி என்ற சந்திப்பில் நிற்கிறது. அந்தப் பெயர்ப் பலகையில் ஐயரின் மாணவர் ஒருவரது பெயர் இருக்கிறது.

செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் சுடப் பழகினார். அவ்வாண்டு ஜூன் 17 காலை, மணியாச்சியில் நின்ற வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டார். ஆஷின் மனைவி அருகிலேயே அமர்ந்திருந்தார். நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடிய வாஞ்சி, அதே பிரவுனிங் துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். லண்டன், நாசிக், மணியாச்சி ஆகிய மூன்று இடங்களிலும் வெடித்தவை தானியங்கிகளே.

வாஞ்சியின் துணிவை எண்ணும்போது இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் அவருடைய சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. நாட்டு விடுதலையோடு சனாதன தருமத்தைக் காப்பதும் அதில் நோக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆங்கில அரசரை இழிவுபடுத்தும் வரியில், ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சாதிப் பெயராகவும் கொள்ளத்தக்க சொல் ஒன்று எழுதப்பட்டிருந்தது. என் தந்தை நாகல்கேணித் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தைப் படித்தபோது, இவர்கள் வெல்ல நினைத்த நாட்டில் எங்களுக்கு எந்த இடம் என்ற கேள்வி என்னுள் எழுந்தது. மாவீரர்களிடம் இப்படிக் கேட்பது அவமதிப்பு ஆகாது. அவர்கள் பெற்றுத்தந்த விடுதலையில் நாம் கற்ற கல்விதான் இப்படிக் கேட்கச் சொல்கிறது.

ஆஷ் கொலை வழக்கில் 14 பேர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஐயரை ஆங்கிலேயரால் தொட முடியவில்லை.

விசையிலிருந்து எழுத்துக்கு

அதன்பின் புதுச்சேரியில் கழிந்த ஆண்டுகள் ஐயரை வேறு மனிதராக்கின. விரல்கள் எழுதுகோலைப் பிடித்தன. குளத்தங்கரை அரசமரம் முதலிய கதைகளை எழுதினார். திருக்குறள் 1330 பாக்களையும் ஆங்கில உரைநடையில் ஆக்கி 1916இல் வெளியிட்டார். தெரிந்துசெயல்வகை என்றோர் அதிகாரம் குறளில் உண்டு. ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கச் சொல்வது அது. துப்பாக்கி பிடித்த கை அந்த அதிகாரத்தை மொழிபெயர்த்தபோது அந்த உள்ளம் என்ன எண்ணியிருக்கும்!

1920இல் பொதுமன்னிப்புக்குப் பின் சென்னை வந்து தேசபக்தன் நாளேட்டின் ஆசிரியரானார். காந்தியடிகளின் அறப்போர் வழியை ஏற்றார். 1909இல் லண்டன் விஜயதசமி விருந்தில் இளைஞர்களோடு உண்டு உரையாடிய அதே காந்தியடிகள்தாம். 1921இல் ஏட்டில் வந்த கட்டுரைக்காக ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையிலும் சும்மா இருக்கவில்லை. கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வை அங்கே எழுதினார்.

சேரன்மாதேவி

விடுதலையான ஐயர், உடலுக்கும் அறிவுக்கும் கைத்தொழிலுக்கும் சமமாகப் பயிற்சி தரும் தேசியக் கல்விச்சாலை ஒன்றை நிறுவக் கனவு கண்டார். சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் எழுந்தது. தமிழ்நாடு காங்கிரசும் பொதுமக்களும் பொருளுதவி செய்தார்கள். ஐயர் எல்லாச் சாதி மாணவர்களோடும் அமர்ந்து உண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஆனால் பெற்றோர் வேண்டிக்கொண்டார்கள் என்பதற்காகப் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாக உணவு பரிமாற அவர் இசைந்தார்.

இரண்டு இலைகள்தாம். ஆனால் அந்தச் சிறிய அழுத்தம் எதைத் திறந்துவிட்டது என்று பாருங்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பொங்கி எழுந்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியக் கல்விச்சாலையில் பந்தி வேற்றுமையா என்று தமிழகமெங்கும் கேள்வி கிளம்பியது. காந்தியடிகள் வரை பிணக்குச் சென்றது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாதது அதற்கு உடனடிக் காரணம் என்றாலும், சேரன்மாதேவியில் ஏற்பட்ட காயமும் அதன் பின்னே இருந்தது. பின்னாளைய தமிழக அரசியலையே மாற்றிய இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

அந்தக் கோபத்தை என்னால் உணர முடிகிறது. நான் படித்த பள்ளியில் சத்துணவுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்தோம். யார் பிள்ளை யார் அருகில் என்று எவரும் பார்த்ததில்லை. பசியோடு வந்த எங்களுக்கு அந்தத் தட்டு சோறு மட்டும் தரவில்லை. சமம் என்ற எண்ணத்தையும் தந்தது. சேரன்மாதேவியில் மறுக்கப்பட்டது அந்த எண்ணமே. ஐயர் தம் வாழ்நாளெல்லாம் பேரரசுக்கு அஞ்சாதவர். ஆனால் இரு பெற்றோரின் வேண்டுகோளுக்கு மறுப்புச் சொல்வது அவருக்கு அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. வீரம் என்பது எத்தனை வகை என்று நமக்குத்தான் தெரிகிறது.

அருவியில் அணைந்த தீபம்

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுல மாணவர்களையும் தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஐயர் பாபநாசம் சென்றார். மலைமேல் கல்யாண தீர்த்தத்தில் நீரோட்டத்தைத் தாண்டும்போது மகள் சுபத்திரை கால் தவறி நீரில் விழுந்தாள். ஐயர் உடனே பாய்ந்தார். அருவி இருவரையும் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது 44.

துப்பாக்கிப் பயிற்சியின் ஆசிரியராக வாழ்வின் ஒரு பகுதியைக் கழித்தவர், ஒருவர்மீதும் சுட்டதாக வரலாற்றில் இல்லை. அவர் கடைசியாக நீட்டிய கை ஓர் உயிரைக் காக்க நீட்டிய கை.

மாணவத் தோழர்களே! ரிவால்வரின் கனமான விசையா, தானியங்கியின் இலகுவான விசையா என்ற வினாவோடு ஐயரின் வாழ்வுக்குள் நுழைந்தேன். விசை எவ்வளவு இலகுவோ அவ்வளவு கனமாக இருக்க வேண்டியது அதை அழுத்துபவரின் மனம் என்பதே நான் பெற்ற விடை. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் பழகிய விரலுக்கும் இது பொருந்தும். சேரன்மாதேவியில் தனியாக இடப்பட்ட இலைக்கும் இது பொருந்தும். இன்று நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் ஒரு சொல், ஒரு கையெழுத்து, ஒரு வாக்கு, பக்கத்தில் வந்து அமர்பவனுக்கு நாம் தரும் ஓர் இடம் என்று சின்னச் சின்ன விசைகள் நம் எல்லோர் விரலுக்கும் அருகில் இருக்கின்றன. எண்ணி அழுத்துவோம். வரகனேரி வீரரின் துணிவையும் புலமையையும் போற்றுவோம். அவர் தயங்கிய இடத்தில் நாம் தயங்காமல் ஒரே பந்தியில் அமர்வோம்.